உதைத்தது போதும்!

மார்கழி மாதம். விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடமலைக்குண்டில் ஒரே ஒரு டீக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. வருசநாட்டு மலைப் பக்கம் இருந்து வந்த குளிர் காற்று எலும்பைக் குத்தியது.

கடைக்கு எதிரே ஒருவர் மொபட்டை உதைத்துக் கொண்டு இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. மனைவியின் தோளில் மூன்று வயதுக் குழந்தை. குழந்தைக்கு இரவு முழுவதும் காய்ச்சல். க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் வரும் வரை காத்திருக்க அவர்களுக்கு மனம் இல்லை.

பத்து உதை உதைத்தார். வண்டி "டுர்" என்றது. நின்று விட்டது.

இருபது உதை. முப்பது உதை. இப்போது "டுர்" என்ற சத்தம் கூட வரவில்லை. பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்து ஒழுகியது.

டீக்கடைப் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"தம்பி, உதைச்சது போதும்ப்பா. வண்டி பசியிலே கிடக்கலே. மூக்கு முட்டக் குடிச்சுட்டுக் கிடக்கு."

பெரியவர் பெட்ரோல் குழாயை மூடினார். சோக்கை உள்ளே தள்ளினார். சாவியை அணைத்தார். கூட்டத்தில் பீடி பிடித்துக் கொண்டிருந்த ஒருவரை, "அப்பாலே போய் நில்லுப்பா" என்று விரட்டினார். ஸ்பானரைப் போட்டு பிளக்கைக் கழற்றினார். அது சொட்டச் சொட்ட நனைந்து இருந்தது. வேட்டி முனையால் துடைத்தார். பிளக் இல்லாமலேயே வண்டியைப் பத்துத் தடவை உதைக்கச் சொன்னார். உள்ளே இருந்து பெட்ரோல் புகை மாதிரி வெளியே வந்தது.

"இப்போ ஒரு டீ குடி" என்றார்.

ஐந்து நிமிஷம் போனது. பிளக்கை மாட்டினார். கைப்பிடியை முழுவதும் முறுக்கிப் பிடித்து உதைக்கச் சொன்னார். இரண்டாவது உதையில் வண்டி புகையைக் கக்கிக் கொண்டு கிளம்பியது. குழாயைத் திறந்து விட்டார். குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது.

குழந்தை மயங்கும் அளவுக்கு மோசமாக இருந்தால் மொபட்டை நம்பக்கூடாது. 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். ஆனால் நாம் இன்று பேச வந்தது அதைப் பற்றி அல்ல. அந்தப் பெரியவர் செய்த வேலையைப் பற்றி.

அது மந்திரம் அல்ல. பத்து நிமிஷத்தில் யாரும் கற்றுக் கொள்ளக் கூடியது. ஆனால் வண்டி வாங்கும்போது அதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

பசியா? அஜீரணமா?

வண்டி கிளம்பவில்லை என்றால் நமக்கு முதலில் என்ன தோன்றுகிறது? "பெட்ரோல் வரவில்லை" என்று தோன்றுகிறது. உடனே சோக்கை இழுக்கிறோம். இன்னும் பலமாக உதைக்கிறோம். பாதி நேரம் உண்மை நேர்மாறாக இருக்கும். பெட்ரோல் வராமல் இல்லை. அளவுக்கு மேல் வந்து விட்டது. இதைத்தான் மெக்கானிக்குகள் "ஓவர்புளோ" என்கிறார்கள்.

பெட்ரோல் அதிகமாக இருந்தால் நன்றாகத்தானே எரிய வேண்டும்? ஏன் எரிய மறுக்கிறது?

பெட்ரோல் எரிகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எரிவது பெட்ரோலின் ஆவி. அந்த ஆவி காற்றோடு கலக்க வேண்டும். அதுவும் அளவாகக் கலக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. லிட்டர் கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு தண்ணீர் லாரி நிறையக் காற்று!

இந்தக் கணக்குக் கொஞ்சம் தவறினால் வண்டி இருமும். மிகவும் தவறினால் தீயே பிடிக்காது.

வீட்டில் பாட்டி இருந்தால் பம்பு ஸ்டவ்வைப் பற்றிக் கேளுங்கள். பர்னரை முதலில் சூடாக்க வேண்டும். சூடு ஏறும் முன்பே பம்பு அடித்தால் என்ன ஆகும்? மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பொங்கி வரும். நீல ஜுவாலை வராது. புகையும் கரியும்தான் வரும். என்ஜினுக்குள் நடப்பதும் அதுதான்.

இன்னொரு கெடுதலும் உண்டு. என்ஜினில் தீப்பொறி கொடுப்பது பிளக். அதன் முனையில் இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கின்றன. நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போதுதான் பொறி உண்டாகிறது. பிளக் நனைந்து, கரியும் படிந்து விட்டால் மின்சாரம் ஏன் குதிக்கப் போகிறது? நடந்து போக வழி கிடைத்து விட்டதே! ஈரக் கரியின் வழியாக அது நழுவிப் போய் விடும். பொறி வராது.

பொறி வராததால் உதைக்கிறோம். உதைக்க உதைக்க இன்னும் பெட்ரோல் உள்ளே போகிறது. இன்னும் நனைகிறது. முப்பதாவது உதை முதல் உதையை விட மோசம்.

நாக்கைப் பார்க்கும் வைத்தியர்

வண்டிக்குப் பசியா, அஜீரணமா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

வைத்தியர் நோயாளியின் நாக்கைப் பார்க்கிறார் அல்லவா? வண்டிக்கு நாக்கு, பிளக். அதைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்து, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டி குடித்துவிட்டது. உலர்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை. குழாயைப் பாருங்கள், டாங்கியைப் பாருங்கள். வெளிர் செங்கல் நிறமாக இருந்தால் என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. அடுப்புக்கரி போல் கறுத்து இருந்தால் பல நாளாகவே பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம்.

டூ ஸ்டிரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலக்கிறோம். "கொஞ்சம் கூட ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது" என்று சிலர் தாராளமாக ஊற்றுகிறார்கள். நல்லது இல்லை. பிளக்தான் கறுக்கும். கம்பெனி சொன்ன அளவு போதும்.

சில ஒர்க்‌ஷாப்புகளில் வண்டி போகும் போதெல்லாம் ஒரு புதுப் பிளக்கை மாட்டி அனுப்பி விடுகிறார்கள். ஏன் நனைந்தது என்று பார்ப்பதில்லை. கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போன்ற வேலை இது. பிளக் கெட்டது நோய் அல்ல. நோயின் அறிகுறி.

ஏன் நனைகிறது?

முதல் குற்றவாளி சோக். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. பத்து பங்கு பெட்ரோலை அனுப்பினால் ஒரு சிறு பங்குதான் ஆவியாகும். அதனால் கூடுதலாக அனுப்ப வேண்டி இருக்கிறது. அதற்காகத்தான் சோக் வைத்தார்கள். வண்டி கிளம்பியதும், கொஞ்சம் சூடு ஏறியதும் சோக்கைத் தள்ளி விட வேண்டும். மறந்தால் போச்சு. நடுப்பகல் வெயிலில், சூடான என்ஜினில் சோக்கை இழுப்பவர்களையும் பார்த்து இருக்கிறோம். நிறை வயிற்றில் விருந்து வைப்பது போல!

இரண்டாவது, கார்புரேட்டரில் இருக்கும் மிதவை. மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்து இருப்பவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் நிறைந்ததும் ஒரு பந்து மிதந்து எழும்பி, குழாயை அடைக்கும். கார்புரேட்டரிலும் அதே போன்ற ஒரு சின்ன மிதவையும் ஊசியும் உண்டு. ஊசி உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும். ஊசி முழுவதும் மூடாது. இரவெல்லாம் பெட்ரோல் கசியும். காலையில் வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கும். ஆகையால் இரவில் நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடுங்கள். செலவு இல்லாத வைத்தியம் இது.

மூன்றாவது, காற்று வடிகட்டி. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பக்கம் தோட்டத்துப் பாதை எல்லாம் புழுதி. இலவங்காய் உடைக்கும் காலத்தில் பஞ்சு பறக்கும். வடிகட்டியில் இவை அடைத்துக் கொண்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகமானதற்குச் சமம். மைலேஜ் குறைந்து விட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைத் திறந்து பார்க்கட்டும்.

பழைய பெட்ரோல் கார், பழைய பெட்ரோல் ஜீப் வைத்து இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பும் முன்பு ஆக்சிலேட்டரைப் பத்துத் தடவை மிதிக்கும் பழக்கத்தை விட்டு விடுங்கள். பெரும்பாலான பழைய கார்புரேட்டர்களில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே பாயும். ஒன்று, இரண்டு மிதி போதும். மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் ஜீப்புகளுக்கு இந்த வியாதி கிடையாது. டீசல் என்ஜினில் பிளக்கே இல்லை. அவற்றுக்கு வருவது வேறு வியாதி. குழாயில் காற்று புகுந்து அடைத்துக் கொள்ளும்.

நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் பலருக்கும் தெரியாதது. வண்டியைக் கிளப்பி, இரண்டு அடி நகர்த்தி, உடனே அணைப்பது. திண்ணையில் இருந்து தெருவுக்கு எடுத்து வைப்பார்கள். அணைப்பார்கள். குளித்துவிட்டு வந்து உதைப்பார்கள். கிளம்பாது. "இப்போதுதானே நன்றாக ஓடியது?" என்பார்கள்.

இந்த நான்காவது காரணத்தைப் புரிந்து கொள்ள, கொஞ்ச நேரம் கடமலைக்குண்டை விட்டு ஜப்பானுக்குப் போய்வர வேண்டும்.

ஆட்டுக்கல் என்ஜின்

பெலிக்ஸ் வாங்கெல் என்று ஒரு ஜெர்மானியர். 1902-ல் பிறந்தவர். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் குதிக்க வேண்டும்? சுற்றினால் என்ன? இதுதான் அவர் கேட்ட கேள்வி. அவருடைய சுழல் என்ஜின் 1957-ல் முதன்முதலாக ஓடியது. என்.எஸ்.யூ. என்ற ஜெர்மன் கம்பெனியில் அது உருவாயிற்று. என்ஜினைக் கண்டுபிடித்த வாங்கெல், கார் ஓட்ட லைசென்சே எடுத்தது இல்லை என்பது ஒரு வேடிக்கை.

அந்த என்ஜின் எப்படி இருக்கும்? நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக் கொள்ளுங்கள். குழிக்குள் குழவி தானும் சுற்றிக் கொண்டு, குழியையும் சுற்றி வருகிறது அல்லவா? அதே மாதிரிதான். குழவி மட்டும் உருண்டையாக இல்லை. பக்கங்கள் புடைத்த முக்கோணமாக இருக்கும். குழியும் வட்டமாக இல்லை. இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவமாக இருக்கும். முக்கோணத்தின் மூன்று பக்கமும் மூன்று அறைகள். ஒவ்வோர் அறையும் மாறி மாறிக் காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும், அழுத்தும், எரிக்கும், புகையைத் தள்ளும். வால்வு கிடையாது. குதிப்பது எதுவும் கிடையாது. ஓட்டம் பட்டுப் போல் இருக்கும்.

ஜப்பானில் ஹிரோஷிமா பகுதியில் உள்ள மாஸ்டா கம்பெனி இதை வாங்கிப் போய் உயிரைக் கொடுத்து உழைத்தது. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் வந்தது. 1978-ல் ஆர்.எக்ஸ்.-7 வந்தது. 1991-ல் பிரான்சில் லெ மான் என்ற ஊரில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் என்ஜின் கார் முதலாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானிய கம்பெனி அதுதான். 2003 முதல் 2012 வரை ஆர்.எக்ஸ்.-8 என்ற கார் விற்றது.

இவ்வளவு பெருமை உள்ள என்ஜினுக்கு ஒரு சின்ன நோய். நம் மொபட்டின் அதே நோய்! குளிர்ந்த காரைக் கிளப்புவார்கள். ஷெட்டில் இருந்து வாசலுக்குக் கொண்டு வருவார்கள். அணைப்பார்கள். மறுபடி சாவியைத் திருப்பினால் கிளம்பாது. ஆர்.எக்ஸ்.-8 வைத்து இருந்தவர்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

காரணம் என்ன?

முக்கோணத்தின் மூன்று முனையிலும் மூன்று மெல்லிய பட்டைகள் இருக்கின்றன. அவை சுவரை உரசிக் கொண்டே போக வேண்டும். அப்போதுதான் ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாது. அந்தப் பட்டைக்குத் துணை, சுவரில் படிந்து இருக்கும் ஓர் எண்ணெய்ப் படலம். குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் போகிறது. சூடு ஏறும் முன்பே அணைத்தால் அந்தப் பெட்ரோல் எரியாமல் உள்ளேயே தங்கும். மண்ணெண்ணெயில் கை கழுவினால் கிரீஸ் போய் விடுகிறது அல்லவா? அதே போல் பெட்ரோல் எண்ணெயைக் கழுவி விடும். எண்ணெய் போனால் அழுத்தம் போயிற்று. அழுத்தம் போனால், பிளக்கில் பொறி வந்தாலும் என்ஜின் பிடிக்காது.

ஆகவே சுழல் என்ஜினுக்கு இரண்டு அடி. பிளக்கும் நனைகிறது, அழுத்தமும் போகிறது. சாதாரண என்ஜினிலும் எண்ணெய் கழுவப்படத்தான் செய்கிறது. அங்கே அடி கொஞ்சம் லேசாக விழுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காரைக் கடமலைக்குண்டில் யார் வைத்து இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் ஒர்க்‌ஷாப்புகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஒருநாள் இந்தக் கார் அவர்கள் முன்னால் வந்து நிற்கக்கூடும். அவர்களுக்காக ஒரு பத்தி.

ஆர்.எக்ஸ்.-8 மூச்சு முட்டி நின்றால் ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியே சாவியைத் திருப்ப வேண்டும். மிதி முழுவதும் அழுந்தி இருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். காற்று மட்டும் போய் உள்ளே இருப்பதை உலர்த்தும். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பாட்டரிக்கும் ஓய்வு கொடுத்து, இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு, பிறகு மிதிக்காமல் கிளப்ப வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். உலர்த்த வேண்டும். ஒவ்வோர் அறையிலும் சில சொட்டு என்ஜின் ஆயில் விட வேண்டும். போன எண்ணெய்ப் படலம் திரும்ப வரும். அழுத்தமும் வரும்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. கிளப்பினால் சூடு காட்டும் முள் ஏறும் வரை அணைக்காதே. அணைத்தே ஆக வேண்டும் என்றால், 3,000 சுற்று வேகத்தில் பத்து வினாடி ஓடவிட்டு அணை. தங்கி இருக்கும் பெட்ரோல் எரிந்து போகும். பழகிய மெக்கானிக்குகள் சொல்லும் வழி இது.

மறுபடியும் நம் தெரு

ஜப்பான் காருக்குச் சொன்னதை நம் மொபட்டுக்கும் சொல்லலாம். பழைய மோட்டார் சைக்கிளுக்கும், பழைய ஆட்டோவுக்கும் சொல்லலாம். கிளப்பினால் இரண்டு நிமிஷமாவது ஓட விடுங்கள். இரண்டு அடி நகர்த்தவா கிளப்புகிறீர்கள்? தள்ளிக் கொண்டு போங்கள். பெட்ரோலும் மிச்சம்.

ஓட விடுவது என்றால் வெளியில் ஓட விடுங்கள். வண்டியை வீட்டுக்குள் நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. குளிருக்குக் கதவைச் சாத்திக் கொண்டு உள்ளேயே கிளப்புவது மிகப் பெரிய ஆபத்து. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிற குழந்தைகள் தூக்கத்திலேயே போய் விடுவார்கள்.

மூச்சு முட்டி விட்டால் அந்தப் பெரியவர் செய்ததைச் செய்யுங்கள். முதலில் உதைப்பதை நிறுத்துங்கள். குழாயை மூடுங்கள். சோக்கைத் தள்ளுங்கள். பிளக்கைக் கழற்றாமலே பாதித் தடவை சரியாகி விடும். ஐந்து, பத்து நிமிஷம் பொறுத்து, கைப்பிடியை முழுவதும் முறுக்கி நாலைந்து தடவை உதைத்தால் காற்று உள்ளே போய் உலர்த்தி விடும். பிடித்ததும் கைப்பிடியை விட்டுக் குழாயைத் திறக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று சொன்னவருக்கு மொபட் இருந்திருக்காது. ஆனாலும் சரியாகத்தான் சொல்லி இருக்கிறார்.

பிளக்கைக் கழற்றினால் ஒன்றை மறக்காதீர்கள். சாவியை அணைத்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும். பிளக் ஒயரைத் துவாரத்துக்குத் தூரமாக ஒதுக்க வேண்டும். துவாரத்தில் இருந்து பெட்ரோல் பீச்சும்போது பக்கத்தில் பொறி பறந்தால் முகம் கருகும். "பொறி வருகிறதா பார்" என்று ஈரமான என்ஜின் மேலேயே பிளக்கை வைத்து உதைக்கும் சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம்.

நனைந்த பிளக்கின் மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி உலர்த்தும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. இதையும் விட்டு விடுங்கள். துணியால் துடைத்து, காற்றில் காட்டினால் போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நான்கு அடி தள்ளி எரியும் அடுப்பையோ, வீசி எறிந்த பீடித் துண்டையோ அது தேடிப் போய்ப் பற்றும். வண்டிக்கு அடியில் பெட்ரோல் சிந்தி இருந்தால் முதலில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு மறு வேலை பாருங்கள்.

புது வண்டிக்கு வராதா?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு பி.எஸ்.-6 என்ற புகை விதி வந்தது. அதோடு பெரும்பாலான மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபட்டுகளில் கார்புரேட்டருக்கு வேலை போயிற்று. இப்போது ஊசி முனை போன்ற துவாரத்தின் வழியாகக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. என்ஜின் எவ்வளவு குளிர்ந்து இருக்கிறது என்பதையும் அதுவே பார்த்துக் கொள்கிறது. இழுப்பதற்குச் சோக் இல்லை, மறப்பதற்கும் சோக் இல்லை. இந்த வியாதி வெகுவாகக் குறைந்து விட்டது.

அப்படியானால் இதை எல்லாம் தெரிந்து கொண்டு என்ன பயன்?

பழைய வண்டிகள் நம் ஊர்களில் இன்னும் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. மலையடிவாரத் தோட்டங்களில் மொபட்தான் பஸ், மொபட்தான் லாரி. தேங்காய் மூட்டை அதில்தான் வருகிறது. மாட்டுக்குப் புல் அதில்தான் வருகிறது. பிள்ளை பரீட்சைக்குப் போவதும் அதில்தான்.

அதைவிட முக்கியம், தோட்டத்தில் இருக்கும் மெஷின்கள். முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் வாள், சின்ன ஜெனரேட்டர். இவற்றில் பெரும்பாலானவை கார்புரேட்டரும் சோக்கும் உள்ளவை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்று போனவர்களைக் கேட்டால் தெரியும். ஆட்களுக்குக் கூலி பேசியாயிற்று, மருந்து கலக்கியாயிற்று, மெஷின் கிளம்பவில்லை என்றால் அன்றைய கூலி தண்டம். கலக்கிய மருந்தும் தண்டம்.

இதில் பெண்களும் உண்டு. கணவன் வெளியூர் போய் இருக்கும்போது மெஷினை இழுக்கிறவர் மனைவிதான். ஸ்டவ்வைப் பற்ற வைக்கத் தெரிந்தவருக்குக் கார்புரேட்டர் ஒரு பெரிய வித்தை அல்ல. சொல்லிக் கொடுப்பார் இல்லை, அவ்வளவுதான்.

மெஷினோடு ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். பல மெஷின்களில் அது இங்கிலீஷில் இருக்கிறது. எழுத்து எறும்பு போல் இருக்கிறது. அதை யார் படிப்பது? நூறு பக்கம் வேண்டாம். ஒரே ஒரு அட்டை போதும். தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு. சோக் எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது, நனைந்தால் என்ன செய்வது, எந்த இடத்தில் பீடி பிடிக்கக் கூடாது. மெஷின் மேலேயே ஒட்டித் தரலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மானியத்தில் பவர் டில்லரும் பவர் வீடரும் கொடுக்கிறது. நல்ல காரியம். கொடுக்கும் நாளில் போட்டோ எடுப்பதோடு, பெட்ரோல் மெஷினாக இருந்தால் விவசாயியின் கையாலேயே ஒரு தடவை அதை மூச்சு முட்டச் செய்து, அவர் கையாலேயே அதைத் தெளிய வைத்து அனுப்ப வேண்டும். கணவன் மனைவி இருவரையும் வரச் சொல்ல வேண்டும். வண்டி விற்கும் கடைக்காரர்களும் இதைச் செய்யலாம். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை அனுப்பும் நேரத்தில் பத்து நிமிஷம் இதற்கும் ஒதுக்கினால் வாடிக்கையாளர் வாழ்த்துவார்.

கடமலைக்குண்டுப் பெரியவரிடம், "இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டோம். இளமையில் தேனியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தாராம். பிறகு விவசாயத்துக்கு வந்துவிட்டாராம். பையில் பிளக் ஸ்பானர் வைத்துக் கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லையாம்.

"ஊரிலே யாருக்காவது சொல்லிக் கொடுத்தீர்களா?"

"கேட்டால்ல சொல்ல? வண்டி கிளம்பினா எல்லாரும் ஓடிப் போயிருதாங்க" என்று சிரித்தார்.

டீ ஆறிப் போய் இருந்தது. அவர் இன்னொரு டீ சொன்னார்.